சுவரின் நிறமும் வெயிலின் வழியும்

தைத் திங்கள் பிறப்பதற்கு முன்னர்த் தமிழ்நாட்டு இல்லங்களில் ஒரு பரபரப்பு எழும். பரணில் உறங்கிய பழம்பொருள்கள் கீழே இறங்கும், ஒட்டடை நீங்கும், சுவர்கள் புதுப்பொலிவு பெறும். முன்னாளில் இப்பணிக்கு வேண்டியவை மிகச் சிலவே. நீற்றிய சுண்ணாம்பு ஒரு தொட்டி, சிறிதளவு நீலம், நார் நைய நசுக்கிய மட்டை ஒன்று, ஓர் ஏணி ஆகியவை இருந்தால் இரண்டொரு நாளில் வீடு வெளுத்துவிடும். எந்நிறம் தீட்டுவது என்னும் வினாவுக்கே அங்கு இடமில்லை. இன்றோ, கடைக்காரர் நீட்டும் வண்ண அட்டையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறங்கள் கட்டங்கட்டமாக நின்று கண்ணைப் பறிக்கின்றன. சிவப்பும் மஞ்சளும் அவற்றின் கலப்பும் வெம்மை வண்ணங்கள் என்றும், நீலமும் பச்சையும் அவற்றின் சாயல்களும் தண்மை வண்ணங்கள் என்றும் அவற்றை இரு கூறாகப் பிரிப்பர்.

அட்டை விரிந்தவுடன் வீட்டில் வழக்குத் தொடங்கும். ஊரோ வெயிலூர், ஆதலின் நீலமே தக்கது என்பார் ஒருவர். மஞ்சளே மங்கலம், நீலம் தீட்டிய கூடம் களையிழந்து கிடக்கும் என்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், முதலில் கேட்க வேண்டிய வினாவை இருவருமே கேட்பதில்லை. கதிரவன் அவ்வீட்டின்மேல் எவ்வழி வருகின்றான், எவ்வழி போகின்றான் என்பதே அவ்வினா.

வெம்மை, தண்மை என்னும் பாகுபாடு எங்கிருந்து வந்தது? நியூட்டன் 1704-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒளியியல் நூலில், வெள்ளொளி பல நிறங்களாகப் பிரிவதை முப்பட்டைக் கண்ணாடியின் துணைகொண்டு விளக்கினார். அவர் நிறங்களுக்குச் சூடும் குளிரும் கற்பிக்கவில்லை. அப்பணியைப் பெரிதும் செய்தவர்கள் ஓவியரும் கவிஞருமே. செருமானியப் பெருங்கவிஞரான கெதே 1810-இல் வெளியிட்ட வண்ணநூலில் மஞ்சளை ஒரு பக்கமும் நீலத்தை எதிர்ப்பக்கமும் நிறுத்தி, முன்னது உள்ளத்துக்கு வெம்மையூட்டும் என்றும் பின்னது குளிர்ச்சி தரும் என்றும் எழுதினார். நீலம் தீட்டிய அறை சற்றுப் பெரிதாகத் தோன்றினும் வெறுமையும் குளிரும் உடையதாக இருக்கும் என்பது அவர் கண்ட குறை.

அவர் அதனைக் குறையாகக் கூறியதே ஈண்டுக் கருதத்தக்கது. பனி பெய்யும் நாட்டார்க்குக் குளிர் துன்பம்; வெம்மை இன்பம். அன்பான வரவேற்பையும் அவர்கள் வெம்மை என்னும் சொல்லாலேயே குறிப்பர். தமிழரோ கண்குளிரக் காண்பர், மனங்குளிரப் பேசுவர், வயிறு குளிர வாழ்த்துவர். அருளைத் தண்ணளி என்பர். பழந்தமிழில் வெம்மை என்னும் சொல்லுக்கு விருப்பம் என்ற பொருளும் உண்டெனினும், அன்றாடப் பேச்சில் குளிர்ச்சிக்கே சிறப்பு. ஆகவே, குளிர்நாட்டு நூல் ஒன்று வெம்மை வண்ணத்தைப் பாராட்டும்போது, அப்பாராட்டினை அப்படியே மதுரைக்கோ வேலூருக்கோ கொண்டுவருதல் பொருந்துமா?

இன்னொன்றும் உண்டு. எந்நிறம் குளிர்ச்சி தரும் என்பதிலும் நாட்டுக்கு நாடு உணர்வு வேறுபடும். மேலைநாட்டு வண்ணவட்டத்தில் சந்தனத்தின் நிறம் வெம்மைப் பக்கத்தைச் சேர்ந்தது. ஆனால் கோடையில் சந்தனம் பூசிப் பழகிய ஒருவருக்கு அந்நிறத்தைக் கண்ட அளவிலேயே மார்பில் குளிர்ச்சி தோன்றும். நிலவின் வெண்மை தமிழருக்குத் தண்மை. கருக்கொண்ட முகிலின் கருமையும் தண்மையே. அது மழையின் முன்னறிவிப்பு அன்றோ? உச்சிவேளையில் முகிலற்று நீலமாக விரிந்து கிடக்கும் சித்திரை வானமோ ஒருவருக்கும் குளிர்ச்சி தருவதில்லை. வண்ணத்தின் வெம்மையும் தண்மையும் சுவரில் மட்டும் இல்லை. காண்பவரின் வாழ்க்கையிலும் பாதி இருக்கின்றது.

இயற்பியல் இதனை மேலும் குழப்பும். கொல்லன் உலையில் இரும்பு காயும்போது முதலில் சிவக்கும்; மேலும் காய்ந்தால் மஞ்சளாகும்; பின்னர் வெளுக்கும். விண்மீன்களுள்ளும் நீலமாக ஒளிர்பவையே மிக்க வெப்பமுடையவை. சிவந்து தோன்றுபவை அவற்றை நோக்கக் குளிர்ந்தவை. மின்விளக்குப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களும் இவ்வுண்மையையே காட்டும். மஞ்சள் ஒளி தரும் விளக்கில் 2700 கெல்வின் என்றும், நீலம் படர்ந்த வெள்ளொளி தருவதில் 6500 கெல்வின் என்றும் குறித்திருப்பர். மிகுந்த எண்ணை உடையதற்கே ‘குளிர்ந்த ஒளி’ என்று பெயர்! பெயர் உணர்வினால் வந்தது. எண் வெப்பத்தினால் வந்தது.

இனி, நீலச் சுவர் வீட்டைக் குளிரச் செய்யுமா என்னும் வினாவுக்கு வருவோர், பெஞ்சமின் பிராங்கிளின் செய்த எளிய ஆய்வு ஒன்றை அறிதல் நலம். அமெரிக்க அறிஞராகிய அவர், தையற்காரரிடமிருந்து பல நிறக் கம்பளித் துண்டுகளைப் பெற்று, வெயில் காயும் ஒரு நாளில் பனியின்மேல் பரப்பி வைத்தார். சில மணி நேரங்கழித்து நோக்கினால், கறுப்புத் துண்டு பனியை உருக்கிக்கொண்டு ஆழப் புதைந்திருந்தது. வெள்ளைத் துண்டு வைத்த இடத்திலேயே இருந்தது. 1761-ஆம் ஆண்டு எழுதிய மடல் ஒன்றில் அவர் இதனை விவரித்துள்ளார். கறுப்புக்கு அடுத்தபடி மிக ஆழமாகப் புதைந்தது எது? சிவப்பன்று, மஞ்சளுமன்று. தண்மை வண்ணம் எனப் போற்றப்படும் அடர்நீலமே அது! வெளிர்நீலம் அவ்வளவு ஆழத்திற்குச் செல்லவில்லை. ஏனைய நிறங்களும் வெளிறிய அளவுக்கு ஏற்பக் குறைவாகவே புதைந்தன.

வெயிலில் நிற்கும் பொருளின் சூட்டைப் பெரிதும் முடிவு செய்வது நிறத்தின் பெயரன்று, அதன் வெளிர்மையே என்பது இதனால் விளங்கும். கதிரவனிடமிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாக வருகின்றது. வில்லியம் ஹெர்ஷெல் 1800-இல் முப்பட்டைக் கண்ணாடி பிரித்த நிறங்களின் நடுவே வெப்பமானிகளை வைத்துப் பார்த்தபோது, சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வெப்பம் மிகுந்திருக்கக் கண்டார். அக்கதிர்களைச் சுவர் ஏற்குமா, திருப்புமா என்பதைக் கண்ணால் மட்டும் கூற இயலாது. எனினும், வெண்மையான சுண்ணாம்புப் பூச்சு இருவகைக் கதிர்களையும் பெரும்பாலும் திருப்பிவிடும் என்பது ஐயமற்ற செய்தி.

வெயில் படாத உட்சுவரிலோ இவற்றுக்கெல்லாம் வேலையில்லை. அங்கே நீலம் தீட்டினும் சிவப்புத் தீட்டினும் அறையின் வெப்பமானி ஒன்றையே காட்டும். நிறத்தால் மனிதர் குளிர்ச்சியாகவாவது உணர்கின்றனரா என்று ஆராய்ந்தவர்களும் ஒருமித்த முடிவைக் கூறவில்லை. சிலர் சிறு வேறுபாடு கண்டனர். சிலர் ஏதும் காணவில்லை. கூடத்துக்கு நீலம் தீட்டிக் கோடையை வென்றுவிடலாம் என்று நம்புவது, விசிறியின் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுக் காற்று வருமென்று காத்திருப்பதை ஒக்கும்.

குளிர்ச்சி வேண்டுவோர் முதலில் மாடிக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கோடை நண்பகலில் கதிரவன் ஏறத்தாழத் தலைக்கு நேராக நிற்கின்றான். அதனால் சுவர்களைவிட மொட்டை மாடியே வெயிலை மிகுதியாக ஏற்கின்றது. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பின்னர் அச்சூட்டைக் கீழே உறங்குவோர் மீது மெல்ல மெல்ல இறக்குகின்றது. மின்விசிறி அச்சூட்டைச் சுழற்றுமேயன்றி நீக்காது. முதியோரும் கைக்குழந்தைகளும் நோயுற்றோரும் படும் இரவுத் துன்பத்திற்கு இதுவே முதற்காரணம். கூடத்துச் சுவருக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவிட்டு நிறம் தேரும் குடும்பம், அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு மாடிக்கு வெள்ளை பூசாதிருப்பது வியப்பே. கூடத்தை விருந்தினர் காண்பர். மாடியைக் காக்கைதான் காணும் என்பதாலோ என்னவோ! அகமதாபாத் நகரம் 2017-இல் ஏழை எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெண்பூச்சு இடும் திட்டத்தைத் தொடங்கியது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. சுவர் நிறத்துக்கு முன் கூரை நிறம் என்னும் முறையை அரசுகள் உணர்ந்தன. இல்லங்கள் இன்னும் உணரவில்லை.

கூரைக்கு அடுத்தது திசை. மேலைநாட்டு நூல்களும் அவற்றைப் பின்பற்றும் விளம்பர ஏடுகளும் ஒரு விதியைத் தவறாமல் கூறும். வடக்கு நோக்கிய அறைக்கு வெம்மை வண்ணம், தெற்கு நோக்கிய அறைக்குத் தண்மை வண்ணம் என்பதே அது. இலண்டனில் இது முற்றும் சரி. மார்கழி நண்பகலில் அங்குக் கதிரவன் அடிவானிலிருந்து 15 பாகை உயரத்தில் மட்டுமே நிற்பான். வடக்குச் சன்னல் அவனை நேராகக் காண்பதில்லை. அந்த அறைக்கு வருவது வானத்தின் நீலம் படிந்த ஒளி மட்டுமே. அங்கு மஞ்சள் தீட்டுவது அறிவுடைமை.

சென்னையின் நிலை வேறு. ஏப்பிரல் இறுதி வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நண்பகற் கதிரவன் அந்நகரின் உச்சிக்கு வடக்கேதான் நிற்கின்றான். கன்னியாகுமரியில் இக்காலம் இன்னும் நீளும். கடுங்கோடையில் வடக்குச் சுவரே காலையும் மாலையும் சாய்ந்த வெயிலைப் பெறும். தெற்குச் சுவர் பெரும்பாலும் நிழலில் இருக்கும். ஆகவே, இலண்டன் விதியைச் சென்னையில் பின்பற்றுவோர், குடையை விரித்து நிழல் விழாத பக்கத்தில் நிற்பவர் ஆவர். தமிழ்நாட்டிற்கு உரிய வேறுபாடு வடக்கும் தெற்குமன்று, கிழக்கும் மேற்குமே. பகலெல்லாம் காற்றும் மண்ணும் சூடேறிய பின்னர் மேற்கு வெயில் சாய்ந்து வந்து சன்னல் வழியே அறைக்குள் புகும். மேற்கறையில் வாழ்ந்தவர் எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

மேற்கறைக்கு எந்நிறம் தக்கது? மாலை வெயிலே பொன்னை அள்ளிக் கொட்டுகின்றது. அதன்மேல் மஞ்சளும் செம்மஞ்சளும் தீட்டினால் கண் கூசும். வெளிறிய பச்சையோ சாம்பல் கலந்த வெண்ணீலமோ அங்குக் கண்ணுக்கு ஆறுதல் தரும். உடலுக்கு ஆறுதல் வேண்டுமாயின் சன்னலுக்கு வெளியே தட்டியோ பந்தலோ, இயன்றால் ஒரு வேப்பமரமோதான் தர வேண்டும். இதற்கு மாறாக, நகரத்துச் சந்துகளில் இரு வீடுகளுக்கிடையே அகப்பட்டு, பகலிலும் விளக்கேற்ற வேண்டிய அறைகள் பல உண்டு. அவ்வறைகளில் நீலம் தீட்டினால் அது நீலமாக நிற்பதில்லை. சாம்பல் நிறமாகிச் சோர்வு தரும். வெளிறிய சந்தனமும் இளமஞ்சளுமே அங்கு ஏற்றவை. வெயிலூராயினும் இருண்ட அறைக்கு வெம்மை வண்ணமே தகும். ஒளி கொழிக்கும் அறைக்குத் தண்மை வண்ணம் தகும். ஊர் முழுமைக்கும் ஒரே விதி கூறுவோர் அறைக்குள் நுழைந்து பாராதவர்.

எந்நிறமாயினும் வெளிறியதாக இருத்தல் இன்றியமையாதது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 100-க்கு 80 பங்கினைத் திருப்பித் தரும். அடர்நீலமும் அடர்சிவப்பும் 10 பங்கினை ஒட்டியே தரும். ஒரு சுவரை மட்டும் கருஞ்சிவப்பாகத் தீட்டி அழகு பார்க்கும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. பெரிய மாளிகைக்கு அது பொருந்தலாம். பத்தடி அறையில் அது பகல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அவ்வழகுக்குரிய விலையை மின்கட்டணமாகத் திங்கள்தோறும் செலுத்த வேண்டியிருக்கும். சுவர் ஒளியைத் திருப்பும்போது தன் நிறத்தையும் அதனுடன் கலந்து அனுப்புகின்றது என்பதையும் மறத்தலாகாது. ஆழ்ந்த பச்சைச் சுவருக்கருகே அமர்ந்தவரின் முகம் நோயுற்றவர் முகம்போல் தோன்றும்; இலையில் இட்ட சோறும் வெண்மை குன்றும். ஆதலின் அடுக்களைக்கும் உண்ணுமிடத்திற்கும் பச்சையைவிட வெண்மை கலந்த மஞ்சள் நன்று.

பச்சைக்கு ஏற்ற இடமும் உண்டு. முன்னாளில் அறுவைக்கூடங்கள் முற்றிலும் வெண்மையாக இருந்தன. குருதியின் செம்மையையே நெடுநேரம் நோக்கிய மருத்துவர் கண்ணை உயர்த்தினால், வெண்சுவரில் பச்சைத் திட்டுகள் மிதந்து பார்வையை மயக்கும். 1914-ஆம் ஆண்டளவில் சான்பிரான்சிஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஒருவர் தம் கூடத்திற்குக் கீரையின் பச்சையைத் தீட்டி இவ்விடரை நீக்கினார். சிவப்புத் தாளை அரை நிமிடம் உற்றுநோக்கிப் பின் வெண்சுவரைக் காணும் மாணவர் எவரும் அத்திட்டினைத் தாமே காணலாம். தண்மை வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அங்கே அழகன்று, கண்ணின் இயல்பே காரணமாயிற்று.

வீட்டில் முதியோர் தங்கும் அறைக்கும் இவ்வாறு கண்ணின் இயல்பையே நோக்க வேண்டும். ஆண்டு ஏற ஏற விழிவில்லை மஞ்சள் படிகின்றது. அதனூடே நோக்குவோர்க்கு வெளிர்நீலமும் வெள்ளையும் வேறுபாடின்றித் தோன்றும். வெள்ளைச் சுவரில் வெளிர்நீலக் கதவு வைத்தால், இரவில் எழுந்த பாட்டிக்குக் கதவு புலப்படாது. காவி நிறக் கதவோ நிலையோ எளிதில் புலப்படும். ஆனால் அதற்கு விளக்கு வேண்டும். செக் நாட்டு அறிஞர் புர்க்கினியே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்தபடி, ஒளி மங்கும்போது முதலில் கறுத்து மறைவது சிவப்பே. நீலம் அதன்பின்னும் சிறிது நேரம் தெரியும். ஆகவே நடைவழியில் ஒரு சிறு விளக்கு எரிவது எந்த வண்ணத்தினும் மேலான உதவி.

குளிர்நாட்டார் தம் மண்ணிலிருந்தே தமக்குரிய வெம்மை நிறத்தைப் பெற்றனர். சுவீடன் நாட்டில் பாலூன் என்னும் செப்புச் சுரங்கத்தின் கழிவு மண்ணில் இரும்பு மிகுதி. அம்மண்ணை மாவுடனும் ஆளிவிதை எண்ணெயுடனும் காய்ச்சிச் செய்த செவ்வண்ணத்தை மரவீடுகளுக்குத் தீட்டினர். சுரங்கம் 1992-இல் மூடப்பட்ட பின்னரும் அவ்வண்ணம் செய்யப்படுகின்றது. பனிவெளியில் அச்செவ்வீடுகள் தழல்போல் நிற்கும். தமிழ்நாட்டாரும் அவ்வாறே தம் மண்ணையும் கடலையும் நாடினர். கிளிஞ்சலையும் சுண்ணாம்புக் கல்லையும் சுட்டு நீற்றினர். அவ்வெண்மை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகியது. அதன்மேல் செம்மண் காவியைப் பட்டையாகத் தீட்டினர். கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் மாறிமாறி நிற்பதைக் காண்போர், வெம்மையும் தண்மையும் வழக்கின்றி அருகருகே வாழ்வதைக் காண்பர். மதிலின் பெரும்பரப்பு வெயிலைத் திருப்பும். காவி கண்ணுக்கு விருந்தாகும். அண்மைக்காலப் புது வீடு பலவற்றில் காணப்படாத அளவறிவு அப்பழஞ்சுவரில் இருக்கின்றது.

வண்ணம் அவரவர் விருப்பம். அதில் வெயிலும் திசையும் புகுந்து ஆணையிடலாமா என்று கேட்போர் உளர். விருப்பத்திற்கு இடம் மிகுதியாகவே உண்டு. உதகையிலும் கொடைக்கானலிலும் வாழ்வோர் செம்மஞ்சளை நாடுவதில் குறையில்லை. படிக்கும் சிறுமி தன் மேசைக்கு எதிரே எந்நிறம் வேண்டும் என்று கூறினால், அவள் சொல்லே அங்குச் சட்டமாதல் வேண்டும். அச்சுவரை நாள்தோறும் நோக்கப் போகின்றவள் அவளே. கடைக்காரரோ அண்டை வீட்டாரோ அதனை நோக்கப் போவதில்லை. கூரையும் மேற்குச் சுவரும் மட்டும் விருப்பத்திற்கு உரியவை அல்ல. அவை அவ்வீட்டில் உறங்கும் அனைவருக்கும் உரியவை.

வெம்மை வண்ணங்களைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பளிச்சிடும் மஞ்சளும் செம்மஞ்சளும் பெரும்பாலும் ஈயச் சேர்மங்களால் செய்யப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இரும்புக் கம்பிகளுக்கு முதற்பூச்சாக இட்ட செந்தூரமும் ஈயமே. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; தீங்கற்ற அளவு என ஒன்று அதற்கு இல்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் கருத்து. இந்திய அரசு 2016-இல் வகுத்து, 2017 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, வீட்டு வண்ணத்தில் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது. புதிய டப்பாவின்மேல் இவ்வுறுதி அச்சிடப்பட்டிருக்கின்றதா என்று பார்த்து வாங்குவது எளிது. பழைய வீட்டின் கதவிலும் சன்னல் கம்பியிலும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் பழம்பூச்சோ யாருக்கும் ஏதும் சொல்வதில்லை. பொங்கலுக்கு முன் அதனை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசு, தவழும் குழந்தையின் கையிலும் வாயிலும் போய்ச் சேரும். அத்தகைய கதவை நீர் தெளித்து நனைத்தே சுரண்ட வேண்டும். சுரண்டிய துகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அவ்வேலை முடியும்வரை குழந்தைகள் பாட்டி வீட்டில் இருப்பது நல்லது.